படமும் ஒலியும் பிரியாமல் ஓட: மோட்டார்களைச் சிங்க் செய்வதற்கான முழு வழிகாட்டி

பேசுபவரின் உதடு மூடிவிட்டது. கடைசிச் சொல் இன்னும் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருக்கிறது. புரொஜக்டரில் படச்சுருள், தனி இயந்திரத்தில் ஒலிச்சுருள் என்று வைத்து ஓட்டிப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம். உடனே கை வேகக் குமிழைத் தேடிப் போகும். கொஞ்சம் திருப்புவோம், சேர்ந்தது போல் இருக்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் பிரிந்துவிடும்.

குமிழைத் திருப்பித் திருப்பிச் சலித்துப் போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடுவது போதாது. இருவர் ஒரே வேகத்தில் நடந்தாலும், ஒருவர் பத்தடி பின்னால் கிளம்பியிருந்தால் ஊர் போய்ச் சேரும்வரை பத்தடி பின்னால்தான் இருப்பார். ஒத்துப்போக வேண்டியது வேகம் அல்ல, ஃப்ரேம் எண்ணிக்கை. படம் 4,312-வது ஃப்ரேமில் இருக்கும்போது ஒலியும் 4,312-வது ஃப்ரேமில் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்கான வழிதான்.

35 மி.மீ., 16 மி.மீ. புரொஜக்டர்களையும், துளையிட்ட காந்த ஒலிச்சுருள் ஓடும் இயந்திரத்தையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒலி கணினியில் கோப்பாக இருந்தால் என்ன செய்வது என்பதும் உள்ளே வருகிறது.

படி 1: எவ்வளவு பிழை தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 41.7 மில்லிவிநாடி. காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் 14 மீட்டர் போகும். அதாவது திரையிலிருந்து 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு, எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஒலி ஒரு ஃப்ரேம் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது.

ஒலி பிந்தினால் நம் காது பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. மின்னலுக்குப் பிறகு இடி கேட்டுப் பழகியவர்கள் நாம். இடி முதலில் வந்தால் திடுக்கிட்டுப் போவோம். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையிலும் இது இருக்கிறது: ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே மக்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தும்போது 125 வரை கண்டுபிடிப்பதில்லை. ஆகவே ஒரு ஃப்ரேமுக்குள் நிற்பதை இலக்காக வையுங்கள். தவற வேண்டியே வந்தால் ஒலி பிந்தும் பக்கமாகத் தவறட்டும்.

இப்போது வேகப்பிழையைப் பார்ப்போம். 4 சதவீதப் பிழை 25 விநாடியிலேயே ஒரு முழு விநாடியைத் தின்றுவிடும். 0.1 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் 14 ஃப்ரேம். சாதாரணக் குவார்ட்ஸ் படிகத்தின் பிழை பத்து லட்சத்தில் 10 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதே பத்து நிமிடத்தில் ஒரு ஃப்ரேமில் ஏழில் ஒரு பங்குதான் விலகும். கையால் குமிழைத் திருப்பி இந்த அளவுக்கு வரவே முடியாது.

படி 2: ஷாஃப்ட்களை எண்ணுங்கள்

மூடியைக் கழற்றி, மோட்டாரைக் கையால் சுற்றி, எந்த ஷாஃப்ட் (சுழலும் தண்டு) ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று தாளில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள்.

35 மி.மீ. படத்தில் ஒரு ஃப்ரேமுக்கு 4 துளை. 16 பல் உள்ள ஸ்ப்ராக்கெட் (துளைகளில் பல் மாட்டிச் சுருளை இழுக்கும் சக்கரம்) ஒரு சுற்றில் 4 ஃப்ரேமை இழுக்கும். 24 ஃப்ரேம் ஓட வேண்டுமானால் அந்த ஷாஃப்ட் விநாடிக்கு 6 சுற்று, நிமிடத்துக்கு 360 சுற்று சுற்ற வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்தி இழுக்கும் மால்டா சிலுவையை ஓட்டுகிற ஷாஃப்ட் ஃப்ரேமுக்கு ஒரு சுற்று, அதாவது நிமிடத்துக்கு 1440. ஒலி இயந்திரத்திலும் இதே மாதிரி எண்ணுங்கள். 16 மி.மீ.யில் ஃப்ரேமுக்கு ஒரு துளைதான் என்பதால் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல்லோ, ஒரு சுற்றுக்கு அத்தனை ஃப்ரேம்.

இரண்டு இயந்திரத்திலும் ஃப்ரேமுக்கு ஒரு சுற்று சுற்றும் ஷாஃப்ட் கிடைத்துவிட்டால் நல்ல காலம். இனி எல்லா இணைப்பையும் அந்த இரண்டு ஷாஃப்ட்களுக்கு இடையிலேயே செய்யலாம்.

படி 3: ஒரே மோட்டாரால் முடியுமா?

இரண்டு இயந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டு மோட்டாரைச் சேர்த்து வைக்க ஏன் பாடுபட வேண்டும்? ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரே மோட்டாரில் இரண்டையும் ஓட்டுங்கள். 1926-ல் வந்த வைட்டஃபோன் முறையில் அப்படித்தான் செய்தார்கள். புரொஜக்டரை ஓட்டிய அதே மோட்டார்தான் 33⅓ சுற்று வேகத்தில் ஒலித்தட்டையும் சுற்றியது.

இங்கே ஒரே நிபந்தனை: வழுக்கக்கூடிய எதுவும் இடையில் இருக்கக் கூடாது. வி-பெல்ட், வட்ட ரப்பர் பெல்ட், உராய்வுச் சக்கரம் எதுவும் வேண்டாம். பல் உள்ள டைமிங் பெல்ட், செயின், கியர் மட்டும்தான். புதிதாகப் போட்ட வி-பெல்ட் கண்ணுக்கு வழுக்காதது போலத்தான் தெரியும். ஆனால் சுமை ஏறும்போது ஆயிரத்தில் சில பங்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் விளைவு என்ன என்பதை மேலே 0.1 சதவீதக் கணக்கில் பார்த்தோம்.

படி 4: இரண்டு மோட்டார் வேண்டும் என்றால்

புரொஜக்டர் அறையில் புரொஜக்டர், வேறு அறையில் ஒலி இயந்திரம் என்றால் மின்சாரம்தான் இணைப்பு.

இந்த இடத்தில் ஒரு பொறி காத்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் 4 துருவ இண்டக்‌ஷன் மோட்டார்கள் பலவற்றின் பெயர்ப்பலகையில் 1440 என்று பொறித்திருக்கும். நமக்கு வேண்டியதும் 1440! நேராக மாட்டிவிடலாம் என்று தோன்றும். மாட்டினால் படம் ஓடவும் செய்யும். ஆனால் அந்த 1440 முழுச்சுமையில் வரும் வேகம். சுமை குறைந்தால் அதே மோட்டார் 1490-ஐத் தொடும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஒரு வேகம், அரை மணி ஓடிச் சூடான பிறகு வேறு வேகம். இண்டக்‌ஷன் மோட்டார் சுழலும் காந்தப்புலத்துக்குப் பின்தங்கித்தான் ஓடும். எவ்வளவு பின்தங்கும் என்பதைச் சுமைதான் தீர்மானிக்கிறது. அப்படி இரண்டு மோட்டாரை வைத்துக்கொண்டு ஃப்ரேம் கணக்கைக் காக்க முடியாது.

வேண்டியது சின்க்ரோனஸ் மோட்டார். இதன் ரோட்டார் (சுழலும் பகுதி) காந்தப்புலத்தோடு பூட்டிக்கொண்டு ஓடும். தாங்கும் அளவுக்குள் சுமை ஏறினால் சில டிகிரி பின்னால் சாயும், ஆனால் ஒரு சுற்றுகூட விடாது. வேகக் கணக்கு எளிது: 120-ஐ அதிர்வெண்ணால் பெருக்கி, துருவ எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4 துருவத்துக்கு 50 ஹெர்ட்ஸில் 1500 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 1800.

1500-ஐ 1440 ஆக்க மோட்டாரில் 24 பல் புல்லி, ஷாஃப்ட்டில் 25 பல் புல்லி போடுங்கள். 1800 என்றால் 20-க்கு 25. புல்லி மாற்றாமல் 1500-ஐ அப்படியே கொடுத்தால் விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் தொலைக்காட்சியே விநாடிக்கு 25 ஃப்ரேம் என்பதால், அங்கே திரைப்படங்களும் 25 ஃப்ரேமில்தான் ஓடின. சுருதி 4 சதவீதம் ஏறும், கூர்ந்த காதுக்குத் தெரியும்.

சரி, இரண்டு இயந்திரத்திலும் சின்க்ரோனஸ் மோட்டார், இரண்டும் ஒரே மின்வழியில். ஓடத் தொடங்கிய பிறகு விலகவே விலகாது. அப்படியென்றால் வேலை முடிந்ததா? இல்லை.

படி 5: கிளம்பும் கணம்

சுவிட்சைப் போட்டதும் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புரொஜக்டர் சட்டென்று வேகம் பிடிக்கிறது. ஒலி இயந்திரத்தில் கனமான ஃப்ளைவீல் (வேகத்தைச் சீராக வைக்கும் சக்கரம்) இருப்பதால் அது மெல்ல முனகி எழுந்து, இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் பூட்டுகிறது. அதற்குள் படம் இருபது முப்பது ஃப்ரேம் முன்னே போய்விட்டது. இனி இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும், ஒலி அந்த இருபது முப்பது ஃப்ரேம் பின்னாலேயே வரும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் இந்த எண்ணிக்கை கொஞ்சம் மாறும் என்பதால் முன்கூட்டியே ஈடு கட்டவும் வழியில்லை.

ஆகவே நின்ற நிலையிலிருந்தே பூட்டிக்கொண்டு, சேர்ந்து எழ வேண்டும். இந்த யோசனை சினிமாவுக்கு நிகரான வயதுடையது. லியோன் கோமோன் 1902-ல் பாரிஸில் காட்டிய க்ரோனோஃபோனிலேயே புரொஜக்டர் மோட்டாரையும் கிராமபோன் மோட்டாரையும் கம்பிகளால் பிணைத்திருந்தார். இன்று நம் கைக்கு எட்டும் வழிகள் இரண்டு.

முதலாவது செல்சின்: ஒன்று திரும்பினால் மற்றதும் அதே அளவு திரும்பும்படி கம்பிகளால் இணைத்த மோட்டார்கள். படப்பிடிப்பு நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் பல பத்தாண்டுகள் இதை நம்பித்தான் இருந்தன. ஸ்லிப் ரிங் (ரோட்டார் கம்பிகளை வெளியே இணைக்க உதவும் வளையங்கள்) வைத்த மூன்று பேஸ் மோட்டார்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றின் ஸ்டேட்டரையும் (சுழலாத பகுதியை) ஒரே மூன்று பேஸ் மின்வழியில் கொடுங்கள். ரோட்டார் வளையங்களை ஒன்றோடு ஒன்று, முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு இணையுங்கள். எல்லா ரோட்டாரும் ஒரே கோணத்தில் நிற்கும்வரை மின்னழுத்தங்கள் சமமாகி ரோட்டார் கம்பிகளில் மின்னோட்டம் இருக்காது. ஒன்றை நகர்த்தினால் சமன் குலைந்து மின்னோட்டம் பாயும், மற்றது அதைத் துரத்திக்கொண்டு நகரும். முதன்மைச் செல்சினைத் தனி மோட்டார் ஒன்று சுற்ற, மற்ற இயந்திரங்கள் எல்லாம் அதன் பின்னால் வரும்.

மின்சாரம் கொடுத்துவிட்டு ஒரு ஷாஃப்ட்டை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பக்கத்து அறையில் உள்ள ஷாஃப்ட் அதே அளவு திரும்பும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தண்டு இடையில் இருப்பது போல விரலில் எதிர்ப்புத் தெரியும். முதல்முறை அதை உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

செல்சினில் கவனிக்க வேண்டியவை:

- மூன்று பேஸையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். முதலில் ஒற்றைப் பேஸ் கொடுத்து ரோட்டார்கள் தம் இடத்துக்கு வந்து நிற்கட்டும், அப்புறம் மூன்றும். பூட்டாமல் இருக்கும்போது மூன்று பேஸ் போனால் செல்சின் சாதாரண மோட்டார் போல வெறிகொண்டு ஓடிவிடும்.
- காந்தப்புலம் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் ரோட்டாரைச் சுற்றினால் பிடிப்பு வலுவாக இருக்கும்.
- ஒரு இயந்திரம் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமானால், அதன் ஸ்டேட்டரில் இரண்டு கம்பி, ரோட்டாரிலும் அதற்கு நிகரான இரண்டு கம்பி, இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் பூட்டாது.
- 4 துருவச் செல்சினுக்கு ஒரு சுற்றில் இரண்டு பூட்டும் இடங்கள் உண்டு. ஃப்ரேமுக்கு ஒரு சுற்று ஷாஃப்ட்டில் மாட்டியிருந்தால், தவறான இடத்தில் பூட்டும்போது அரை ஃப்ரேம் பிழை. ஷாஃப்ட்டில் வெள்ளைக் கோடு போட்டு வைத்து, பூட்டிய பிறகு ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது வழி இன்றைக்கு மலிவானது: வி.எஃப்.டி., அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் கருவி. இரண்டு இயந்திரத்திலும் மூன்று பேஸ் ரிலக்டன்ஸ் வகைச் சின்க்ரோனஸ் மோட்டார் போட்டு, இரண்டையும் ஒரே வி.எஃப்.டி.யில் இணைத்துவிடுங்கள். அதிர்வெண் பூஜ்யத்தருகிலிருந்து ஐந்தாறு விநாடியில் மெல்ல ஏறட்டும். நின்ற நிலையிலேயே இரண்டு ரோட்டாரும் புலத்தோடு பூட்டி, சேர்ந்தே எழும். செயற்கை இழை நூற்கும் ஆலைகளில் பல மோட்டார்களை ஒரே மாதிரி ஓட்ட இதே வழியைத்தான் கையாண்டார்கள். அதிர்வெண்ணையும் நாமே தருவதால் புல்லி மாற்றவும் வேண்டாம்; 48 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 4 துருவ மோட்டார் சரியாக 1440 ஓடும். தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்னழுத்தம் போதாமல் ஃப்ளைவீல் பக்கம் அசையாமல் நின்றுவிடலாம். அப்போது வி.எஃப்.டி.யில் டார்க் பூஸ்ட் என்ற, தாழ் வேகத்தில் சுழற்றும் விசையைக் கூட்டும் அமைப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். கெபாசிட்டர் வைத்த ஒற்றைப் பேஸ் மோட்டாரை மட்டும் இதில் மாட்டாதீர்கள், எரிந்துபோகும்.

வி.எஃப்.டி.யின் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். மோட்டார் உடல்களுக்கு எர்த் கட்டாயம்.

படி 6: ஒலி கணினியில் இருந்தால்

இங்கே ஒரு பக்கம் மோட்டாரே இல்லை. ஆனால் கணக்கு அதேதான். விநாடிக்கு 48,000 மாதிரி (ஒலியை அளந்து வைத்த எண்) வீதத்தில் பதிந்த ஒலியில், விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக 2,000 மாதிரி. 44,100-ல் பதிந்திருந்தால் 1,837.5 என்று அரை மாதிரி மிஞ்சும், அதனால் முதலிலேயே 48,000-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யார் யாரைப் பின்தொடர்வது? என் தீர்ப்பு: ஒலி வழிநடத்தட்டும், படம் பின்தொடரட்டும். படத்தின் வேகம் அரை சதவீதம் கூடிக் குறைந்தால் கண் கவனிக்காது. ஒலியின் வேகம் அதே அளவு அலைந்தால், நீண்டு ஒலிக்கும் ஒரு பியானோ சுரம் தள்ளாடுவதைக் காது உடனே பிடித்துவிடும்.

ஃப்ரேம் ஷாஃப்ட்டில் துளையிட்ட தட்டு ஒன்றும், ஒளி சென்சார் ஒன்றும் வையுங்கள். சுற்றுக்கு ஒரு துடிப்பு போதாது. 100 துளை இருந்தால் கட்டுப்பாடு மென்மையாக இருக்கும். ஒலிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு 20 மாதிரிக்கும் ஒரு துடிப்பு எடுங்கள். இப்போது இரண்டு பக்கமும் விநாடிக்கு 2,400 துடிப்பு. ஒரு மைக்ரோகண்ட்ரோலரில் ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, ஒலித் துடிப்பு வந்தால் ஒன்று கூட்டுங்கள், ஷாஃப்ட் துடிப்பு வந்தால் ஒன்று கழியுங்கள். அந்த எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் படம் பின்தங்கியிருக்கிறது, மோட்டார் வேகம் கூட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழ் இருந்தால் குறைய வேண்டும். 100 என்றால் ஒரு ஃப்ரேம்.

இந்த எண்ணை எந்தக் காரணத்துக்கும் நடுவில் பூஜ்யமாக்காதீர்கள். வேகத்தை மட்டும் அளந்து திருத்தும் சுற்றுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். கிளம்பும்போது தவறிய முப்பது ஃப்ரேமையும் இந்த எண் மறக்காமல் வைத்திருந்து, மோட்டாரைக் கொஞ்சம் வேகமாக ஓட வைத்து மீட்டுக் கொடுக்கும்.

மோட்டாருக்கு அனுப்பும் திருத்தத்தை முதலில் பிழைக்கு நேர்விகிதமாக மட்டும், சிறிய அளவில் வையுங்கள். படம் நிலையாக ஓடும், ஆனால் அந்த எண் பூஜ்யத்துக்கு வராமல் ஒரு மதிப்பில் நின்றுவிடும். அப்புறம் பிழையைச் சேர்த்துச் சேர்த்துக் கூட்டும் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள், எண் பூஜ்யத்துக்கு இறங்கும். அவசரப்பட்டு இரண்டையும் பெரிதாக வைத்தால் மோட்டார் முன்னும் பின்னுமாக ஊசலாடும்.

படி 7: தொடக்கக் குறி

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். படச்சுருளின் தொடக்கக் குறி ஃப்ரேமைப் படவாசலில் (புரொஜக்டரின் ஒளி படத்தில் விழும் இடத்தில்) வையுங்கள், ஒலிச்சுருளின் தொடக்கக் குறியை ஒலித்தலைக்கு நேராக வையுங்கள். இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டையும் கையால் ஓரிரு ஃப்ரேம் நகர்த்தினால், திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படத்துக்கு முன்னால் ஒட்டியிருக்கும் முன்னோடிச் சுருளில் தொடக்கக் குறிக்கும் முதல் படத்துக்கும் இடையே வழக்கமாக 8 விநாடி இருக்கும். இயந்திரங்கள் முழு வேகத்துக்கு வந்து பூட்ட நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். முதல் படத்துக்குச் சரியாக 48 ஃப்ரேம் முன்னால் 2 என்ற எண் ஒரே ஒரு ஃப்ரேம் தெரியும். ஒலிச்சுருளில் அதே இடத்தில் ஒரு ஃப்ரேம் நீள 'பீப்' இருக்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் நிம்மதியாக உட்காரலாம்.

படச்சுருளின் ஓரத்திலேயே ஒலித்தடம் உள்ள பிரதியிலிருந்து தனி ஒலி எடுக்கும்போது இன்னொரு எண்ணும் வேண்டும்: 35 மி.மீ. ஒளியொலி படத்துக்கு 21 ஃப்ரேம் முன்னால் பதிந்திருக்கும், 16 மி.மீ.யில் 26. அதைக் கழிக்க மறந்தால் கிட்டத்தட்ட ஒரு விநாடி பிசகும்.

படி 8: சோதனை

உங்களிடம் உள்ள ஒரே பிரதியை வைத்துச் சோதிக்காதீர்கள். வேண்டாத கறுப்புச் சுருளில் 24 ஃப்ரேமுக்கு ஒன்றாகத் துளை போட்டு, ஒலிச்சுருளில் 24 ஃப்ரேமுக்கு ஒன்றாக ஒரு 'டிக்' பதிந்துகொள்ளுங்கள். திரையில் பளிச், ஒலிபெருக்கியில் டிக். ஒளி டயோடையும் ஒலி வெளியீட்டையும் இரண்டு தடமுள்ள ஆஸிலோஸ்கோப்பில் காட்டினால் இடைவெளி மில்லிவிநாடியில் தெரியும்.

கருவி இல்லாதவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. புரொஜக்டரின் ஃப்ரேம் ஷாஃப்ட்டிலுள்ள சென்சாரால் சுற்றுக்கு ஒருமுறை ஒரு எல்.இ.டி. மின்னட்டும். அந்த ஒளியை 35 மி.மீ. ஒலி இயந்திரத்தின் 16 பல் ஸ்ப்ராக்கெட் மீது அடியுங்கள். ஸ்ப்ராக்கெட் முகப்பில் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு வெள்ளைப் புள்ளி வைத்திருக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தில் நான்கு புள்ளிகளும் அசையாமல் நிற்கும். ஒலி பின்தங்கத் தொடங்கினால் புள்ளிகள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல நகரும். 90 டிகிரி நகர்ந்தால் ஒரு ஃப்ரேம் போயிற்று.

அளந்த பிழையை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு விலகல் என்றால் தொடக்கக் குறியில் தவறு, மோட்டாரைத் தொடாதீர்கள். நேரம் ஆக ஆகக் கூடினால் வேகம்: எங்கோ வழுக்கும் பெல்ட், தவறான புல்லி, அல்லது ஒரு பக்கம் விநாடிக்கு 24 ஃப்ரேம், மறுபக்கம் 23.976. புள்ளிகள் முன்னும் பின்னுமாக ஆடினால் ஊசலாட்டம். ஃப்ளைவீலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே மென்மையான இணைப்பான் போட்டால் பெரும்பாலும் அடங்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று சில ஃப்ரேம் தாவினால், சுமை தாங்காமல் ஒரு மோட்டார் பூட்டை விட்டிருக்கிறது. ஒட்டுப்போட்ட இடம் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கியதா, சுருள் ஏந்தியின் பிரேக் இறுக்கமா என்று தேடுங்கள்.

தாவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் மோட்டார்மேல் குற்றமே இல்லை. படம் எப்போதோ அறுந்து, யாரோ சேதமான ஃப்ரேம்களை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டியிருப்பார்கள். ஒலித்தட்டுக் காலத்து ஆபரேட்டர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வெட்டியது ஏழு ஃப்ரேம் என்றால் ஏழு கறுப்பு ஃப்ரேமை எண்ணி வைத்து ஒட்டுவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். எத்தனை போயிற்று என்று தெரியாவிட்டால், ஒட்டுக்குப் பிறகு வரும் முதல் கைத்தட்டலிலோ கதவு சாத்தும் இடத்திலோ விலகலை மில்லிவிநாடியில் அளந்து, அதை 41.7-ஆல் வகுங்கள். வரும் எண்தான் நீங்கள் வெட்ட வேண்டிய கறுப்புச் சுருளின் ஃப்ரேம் எண்ணிக்கை.